ஊரார் வேண்டாமென்ற நகரம்

1946ஆம் ஆண்டு மே மாதம் 6ஆந் திகதி. இங்கிலாந்திலே, இலண்டன் மாநகருக்கு வடக்கே 30 மைல் அளவில், வடக்கு நோக்கிச் செல்லும் பழைய பெருந்தெருவின் இருமருங்கும் அமைந்த ஸ்டீவனேஜ் என்னும் சிற்றூரின் நகரமண்டபம் அன்று மாலை நிறைந்து வழிந்தது. உள்ளே இடம் கிடையாதோர் தெருவிற் கூடிநின்றனர். ஊரின் குடித்தொகை 6,000 அளவினதே. அன்று மண்டபத்திற்கு வெளியே நின்றோர் மாத்திரம் 3,000 பேர் என்று சொல்லப்படுகின்றது. கைக்குழந்தைகளையும் படுக்கையிற் கிடந்த முதியோரையும் நீக்கிப் பார்த்தால், ஊரே திரண்டு வந்துவிட்டது என்றுதான் கொள்ளவேண்டும்.

பேச வந்தவர் நகர, கிராமத் திட்ட அமைச்சர் லூயிஸ் சில்கின். அவர் சொல்லவிருந்த செய்தியின் சாரம் ஊராருக்கு முன்னரே எட்டியிருந்தது. ஸ்டீவனேஜையும் அதனைச் சூழ்ந்த வயல்களையும் சேர்த்து ஏறக்குறைய 6,000 ஏக்கர் நிலப்பரப்பில் 60,000 பேர் வாழ்தற்குரிய புதிய நகரம் ஒன்று எழும். அதற்கு வேண்டிய காணிகளை அரசாங்கம் சுவீகரிக்கும். பரம்பரையாக உழுத பண்ணைகளும், சிறு வியாபாரிகளின் கடைகளும், உத்தியோகத்தினின்று ஓய்வுபெற்றோர் ஆயுட்காலச் சேமிப்பைக் கொட்டி வாங்கிய வீடுகளும் அந்த எல்லைக்கோட்டுக்குள் அகப்பட்டன.

அமைச்சர் வாய் திறந்தவுடனே கூச்சல் எழுந்தது. “கெஸ்டாப்போ” என்றனர் சிலர். “சர்வாதிகாரி” என்றனர் வேறு சிலர். யுத்தம் முடிந்து ஓராண்டுகூட நிறைவுறாத காலம் அது. அச்சொற்களின் சூடு இன்னும் ஆறியிருக்கவில்லை. அமைச்சரும் சளைக்கவில்லை. எத்துணை எள்ளினாலும் பயனில்லை, இது நடந்தே தீரும் என்னும் கருத்துப்பட அவர் விடையிறுத்தார். கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது அவருடைய மோட்டார் வண்டியின் சில்லுகளிற் காற்று இருக்கவில்லை. பெற்றோல் தாங்கியில் மணல் கிடந்தது.

சில்கின் எத்தகையவர் என்பதை நேயர்கள் அறிந்துகொள்ளுதல் நன்று. அவர் கிழக்கு இலண்டனில், எளிய யூதக் குடும்பம் ஒன்றிற் பிறந்தவர். சட்டம் பயின்று வழக்கறிஞரானவர். இலண்டன் மாநகர ஆட்சிமன்றத்தில் வீடமைப்புக் குழுவின் தலைவராய் இருந்து, ஓர் அறையில் ஒரு குடும்பம் வாழ்வது எப்படியிருக்கும் என்பதை நேரிற் கண்டவர். அவரைப் பார்த்துக் “கெஸ்டாப்போ” என்று கூவினோர் அவருடைய பிறப்பை நினைத்துப் பார்த்திருப்பாரோ என்பது ஐயமே. கோபம் சொல்லைத் தேர்ந்தெடுப்பதில்லை. ஆனால் அக்கோபம் காரணமின்றி எழுந்ததும் அன்று.

ஊராரின் வழக்கைக் கேட்குமுன், அன்று அம்மண்டபத்திலே இல்லாத ஒரு கட்சியாரின் வழக்கையும் கேட்டல் வேண்டும். ஜெர்மானியக் குண்டுகளால் இலண்டனின் வீதிகள் பல இடிபாடுகளாய்க் கிடந்தன. யுத்தத்திற்கு முன்பும் அங்கே நெருக்கடியே. போர்முனையினின்று மீண்டுவந்த இளைஞன் மணம் முடித்து, மாமியார் வீட்டில் ஓர் அறையிலே பிள்ளைகளைப் பெற்று, நகரசபையின் காத்திருப்போர் இடாப்பிலே தன் பெயர் மேலேறுமா என்று பார்த்திருந்தான். 1946ஆம் ஆண்டின் கோடையிலே வீடற்ற குடும்பங்கள், படைவீரர் விட்டுச்சென்ற வெற்று முகாம்களுட் புகுந்து குடியேறின. செப்டெம்பரில் இலண்டனின் செல்வர் வாழும் கென்சிங்டன் பகுதியில் வெறிதாய்க் கிடந்த ஒரு பெரிய மாடிவீட்டுத் தொகுதியையே கைப்பற்றிக்கொண்டன. ஸ்டீவனேஜ் மக்கள் தங்கள் வீடுகளைக் காக்கக் குரலெழுப்பிய அதே ஆண்டில், வீடே இல்லாதோர் இலண்டனில் எழுப்பிய குரல் இது. ஓர் ஊரின் கூக்குரல் மற்ற ஊரின் காதில் விழவில்லை. முப்பது மைல் தொலைவு அத்துணை பெரிது.

இந்நெருக்கடிக்கு மருந்தாகப் புதிய நகரங்கள் என்னும் எண்ணம் சில்கினின் மூளையில் உதித்தது அன்று. எபனேசர் ஹவார்ட் என்னும் ஒரு சுருக்கெழுத்தாளர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கருத்தை நூலாக எழுதினார். அதன் பயனாக 1903இல் லெச்வேத் என்னும் தோட்ட நகரமும், 1920இல் வெல்வின் தோட்ட நகரமும் தொடங்கப்பெற்றன. இரண்டும் ஸ்டீவனேஜுக்கு அயலூர்களே. ஆனால் அவை தனியார் சங்கங்கள் விலை கொடுத்து வாங்கிய நிலத்தில் எழுந்தவை. 1944இல் சேர் பற்றிக் அபர்குரொம்பி பேரிலண்டனுக்கான தமது திட்டத்தை வகுத்தபோது, மாநகரைச் சுற்றிப் பசுமை வளையம் ஒன்றை விட்டு, அதற்கப்பால் துணைநகரங்கள் பலவற்றை அமைத்து, நெருக்கடியிலுள்ள மக்களை அங்கே குடியேற்றலாம் என்றார். அப்பட்டியலில் ஸ்டீவனேஜ் இடம்பெற்றது. ஊரார் தம் தலைவிதியை முதன்முதலாகப் படித்தது அங்கேதான். பின்னர், நகரங்களை எவ்வாறு கட்டி நடத்துவது என்று ஆராய அமைக்கப்பட்ட குழுவுக்குத் தலைமை தாங்கியவர் ரீத் பிரபு. பிரித்தானிய ஒலிபரப்பு நிறுவனத்தை உருவாக்கிய அதே ரீத் அவர். வானொலியைப் போலவே நகரத்தையும் அரசாங்கத்துக்குட்பட்ட தனிக் கூட்டுத்தாபனம் ஒன்றின் கையிலேயே ஒப்படைக்க வேண்டும் என்பது அவருடைய முடிவாயிற்று.

அபர்குரொம்பியின் பெயர் இலங்கையருக்குப் புதியதன்று. கொழும்புப் பிரதேசத்துக்கான திட்டம் ஒன்றை 1948இல் வகுத்தவரும் அவரே. பேராதனையில் மகாவலியின் கரையோரமாய், மலைச்சாரலையும் மரங்களையும் கெடாமற் பேணி அமைந்த பல்கலைக்கழக வளாகத்தைக் கண்டோர் அவருடைய கைவண்ணத்தைக் கண்டவராவர். அதனை அவரோடு சேர்ந்து திட்டமிட்டவர் கிளிபர்ட் ஹொலிடே. அந்த ஹொலிடேயே பின்னர் ஸ்டீவனேஜ் புதிய நகரத்தின் தலைமைக் கட்டடக் கலைஞராய் நியமனம் பெற்றார். பேராதனையில் மரத்திற்கும் மேட்டிற்கும் அத்துணை மதிப்பளித்தவர், ஸ்டீவனேஜில் வயலை அழிக்க வந்த உத்தியோகத்தராய்க் கருதப்பட்டார். கலைஞர் ஒருவரே. பேராதனையில் எல்லாரும் விரும்பிய ஒன்றைக் கட்டினார். ஸ்டீவனேஜில் ஊரார் விரும்பாத ஒன்றைக் கட்ட நேர்ந்தது.

இனி ஊராரின் வழக்கு. அவர்கள் பாதுகாப்புச் சங்கம் ஒன்றை நிறுவினர். பணம் திரட்டினர். தமக்குள்ளே வாக்கெடுப்பொன்றும் நடத்தினர். ஏறக்குறைய 2,500 பேர் வாக்களித்தனர் என்றும், அவருள் நூற்றுக்கு 52 பேர் திட்டத்தை முற்றாக எதிர்த்தனர் என்றும் அறிகின்றோம். எதிர்ப்பு ஒருமுகமானதன்று என்பதையும் இத்தொகை காட்டுகின்றது. தொழில் பெருகும், கடைகள் பெருகும், பிள்ளைகளுக்கு நல்ல பாடசாலை கிடைக்கும் என்று எண்ணியோரும் ஊரில் இருந்தனர். கூச்சலிடுவோரின் குரலே எக்காலத்தும் தொலைவிற் கேட்பதால், இத்தகையோரை வரலாறு எளிதில் மறந்துவிடுகின்றது.

எதிர்த்தோர் பக்கத்தில் புகழ்பெற்ற ஒரு பெயரும் இருந்தது. எழுத்தாளர் ஈ. எம். போர்ஸ்டர் 1883ஆம் ஆண்டு முதல் 1893ஆம் ஆண்டுவரை, தம் பிள்ளைப் பிராயத்தை ஸ்டீவனேஜின் அருகே ‘ரூக்ஸ் நெஸ்ட்’ என்னும் வீட்டில் தாயாருடன் கழித்தவர். இந்தியாவைக் களமாகக் கொண்ட அவருடைய நாவலை நேயர்களிற் பலர் படித்திருப்பர். அதற்குமுன், 1910இல் வெளியான ‘ஹவார்ட்ஸ் எண்ட்’ என்ற நாவலுக்கு அந்த வீடே மூலம். 1946இல் அவர் பிரித்தானிய வானொலியில் நிகழ்த்திய ஒரு பேச்சிலே இவ்விடயத்தை எடுத்தார். தாம் சிறுவனாய் ஓடித்திரிந்த வயல்வெளியில் அந்நகரம் வந்து விழுவதை எண்ணி வருந்தினார். அப்பேச்சின் சிறப்பு அவருடைய வருத்தத்தில் இல்லை. வட இலண்டனில் இரண்டே அறைகளில் நான்கு பிள்ளைகளை வளர்க்கும் தொழிலாள நண்பர்கள் தமக்கு உண்டு என்றும், அத்தகையோருக்கு வீடு வேண்டும் என்பதைத் தாம் மறுக்கவில்லை என்றும் அவரே கூறினார். ஆயினும் ஒன்றைக் கொடுத்து மற்றதைப் பெற்ற கணக்கைச் சமன்செய்யத் தம்மால் இயலவில்லை என்றார். இவ்விடயத்தைப் பற்றி எத்தனையோ பக்கங்கள் எழுதப்பட்டுள்ளன. இவ்வளவு நேர்மையாக ஒரு பக்கத்தான் மறுபக்கத்தின் நியாயத்தைச் சொல்லியது அரிது.

ஊராருடைய மனக்குறையின் வேர் எதுவென்பதை அறிய, சில திகதிகளை ஒழுங்காக வைத்துப் பார்த்தாற் போதும். அமைச்சர் நகரமண்டபத்தில் ‘இது நடந்தே தீரும்’ என்றது 1946 மே 6ஆந் திகதி. புதிய நகரச் சட்டம் முடியின் அங்கீகாரம் பெற்றதோ அவ்வாண்டு ஆகஸ்ட் முதலாந் திகதி. அச்சட்டத்தின்படி, அமைச்சர் முதலில் ஒரு வரைவுக் கட்டளையை வெளியிடவேண்டும். ஆட்சேபங்கள் வருமாயின் பகிரங்க விசாரணை நடத்தவேண்டும். விசாரணை அறிக்கையைப் படித்த பின்னரே முடிவு செய்யவேண்டும். அவ்வாறே ஒக்டோபரில் விசாரணை நடந்தது. ஊரார் சென்று சாட்சியம் சொன்னார்கள். தண்ணீர் எங்கிருந்து வரும், கழிவுநீர் எங்கே போகும், பயிர் விளையும் நல்ல நிலத்தை உணவுப் பங்கீட்டுக் காலத்தில் ஏன் அழிக்கவேண்டும் என்றெல்லாம் கேட்டார்கள். நவம்பர் 11ஆந் திகதி அமைச்சர் கட்டளையிற் கையொப்பமிட்டார்.

முகூர்த்தம் வைத்து, பந்தற்கால் நட்டு, ஊருக்கெல்லாம் அழைப்பு அனுப்பிய பின்னர், மணப்பெண்ணை அழைத்து உனக்குச் சம்மதமா என்று வினவினால் அவள் என்ன விடை சொல்வாள்? அவள் மறுத்தாலும் யார் கேட்கப்போகின்றனர்? மாப்பிள்ளை நல்லவனாகவே இருக்கலாம். அந்த வீட்டில் அவள் நன்றாகவே வாழவுங்கூடும். கேட்ட விதம் அவள் நெஞ்சில் முள்ளாகவே தைத்துநிற்கும். ஸ்டீவனேஜ் மக்களின் நிலை இதுவாயிற்று.

ஆத்திரம் ஒருபுறம் நகைச்சுவையாகவும் வெளிப்பட்டது. அவ்வாண்டு டிசெம்பரில் ஓர் இரவு, புகையிரத நிலையத்தின் பெயர்ப்பலகைகளை மாற்றி, ‘சில்கின்கிராட்’ என்று எழுதி வைத்துவிட்டனர். ஸ்டாலின் தம் பெயரை ஒரு நகருக்கு இட்டதுபோல், சில்கினும் தம் பெயரை நிலைநாட்ட வந்தார் என்பது குத்தல். எழுத்துகள் உண்மையான நிலையப் பலகையைப் போலவே அழகாக அமைந்திருந்தமையால், பத்திரிகைகள் படம் பிடித்து வெளியிட, நாடே சிரித்தது. அமைச்சர் வந்திறங்கிய நாளிலேயே அவ்வாறு எழுதப்பட்டிருந்தது என்று இப்போது பலர் கதை சொல்கின்றனர். அது பிற்காலத்திற் சேர்ந்த கற்பனை.

மறுபுறம் ஊரார் நீதிமன்றம் சென்றனர். பிராங்கிளின் என்பாரும் மற்றும் சிலரும் தொடுத்த வழக்கு அது. அமைச்சர் மே மாதத்திலேயே மனத்தைத் தீர்மானித்துவிட்டார். ஆகவே ஒக்டோபர் விசாரணை வெறுஞ் சடங்கு. பக்கச்சார்புடையவர் நீதி செய்ய இயலாது என்பது அவர்கள் வாதம். 1947 பெப்ரவரியில் மேல் நீதிமன்ற நீதிபதி ஹென் கொலின்ஸ் அவ்வாதத்தை ஏற்று, அமைச்சரின் கட்டளையை வறிதாக்கினார். ஊரில் மகிழ்ச்சி பொங்கியது. அம்மகிழ்ச்சி நெடுநாள் நிலைக்கவில்லை. மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பைப் புரட்டியது. ஊரார் பிரபுக்கள் சபைவரை சென்றனர். 1947 ஜூலையில் பிரபுக்கள் சபை அமைச்சருக்குச் சார்பாகவே தீர்ப்பளித்தது.

அத்தீர்ப்பின் நியாயம் இன்றும் சட்ட மாணவர் படிக்கும் ஒன்று. நகரம் அமைப்பது நிர்வாகக் கருமம். அமைச்சர் நீதிபதியின் ஆசனத்தில் அமரவில்லை. எனவே பக்கச்சார்பு என்னும் வினாவே இங்கு எழாது. ஆட்சேபங்களையும் விசாரணை அறிக்கையையும் அவர் மெய்யாகவே கவனித்தாரா என்பதே கேள்வி. கவனிக்கவில்லை என்று காட்டப்படவில்லை. இவ்வாறு கூறினர் சட்டப் பிரபுக்கள். சட்ட நுணுக்கத்தில் இதற்கு இடமுண்டு. தம் கட்சியின் கொள்கையை மேடையிற் பேசிய அமைச்சர் எவரும் எதையும் பின்பு தீர்மானிக்கக் கூடாது என்றால், ஆட்சி நடைபெறாது. ஆனால் சாதாரணக் குடிமகனுக்கு இத்தீர்ப்புச் சொன்ன பாடம் வேறு: அவன் சொல்வதைக் கேட்கவேண்டிய கடமை அமைச்சருக்கு உண்டு, கேட்டதால் மனம் மாறவேண்டிய கடமை இல்லை. காலப்போக்கில் இந்தக் கசப்பை இங்கிலாந்தும் உணர்ந்தது. 1957இல் பிராங்ஸ் குழு, இத்தகைய விசாரணைகள் வெளிப்படையாகவும் நடுநிலையாகவும் நடைபெறவேண்டும் என்றது. 1969இல் ஸ்கெபிங்டன் குழு, திட்டம் வகுக்கும் வேளையிலேயே பொதுமக்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றது. ஸ்டீவனேஜ் மக்களுக்கு இவை காலங்கடந்த ஆறுதல்.

வழக்குத் தீர்ந்தது; நகரம் உடனே எழவில்லை. 1947இல் பிரித்தானியாவின் பொருளாதாரம் தள்ளாடியது. மரமும் இரும்பும் கிடைப்பதரிதாயிற்று. கூட்டுத்தாபனத்தின் தலைவர்கள் ஒருவர்பின் ஒருவராய் மாறினர். 1951இலேயே புதிய வீடுகளிற் குடும்பங்கள் வந்தேறத் தொடங்கின.

அக்காலத்தில் கூட்டுத்தாபனத்தின் தலைமையில் இருந்தவர் மொனிக்கா பெல்டன் என்னும் பெண்மணி. ரீத் குழுவிலும் அங்கம் வகித்தவர். 1951இல் அவர், யுத்தம் நடந்துகொண்டிருந்த வடகொரியாவுக்குப் பெண்கள் குழுவொன்றுடன் சென்று, அங்கே கண்ட அழிவைப் பகிரங்கமாகச் சொன்னார். பாராளுமன்றக் குழு ஒன்றின்முன் வரவேண்டிய நாளில் வரவில்லை என்ற காரணங்காட்டி அவரைப் பதவிநீக்கினர். பின்பு ஸ்டாலினின் பெயராலான சமாதானப் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. சில்கின்கிராட் என்று பலகை எழுதியோர் அப்போது என்ன நினைத்தனரோ! அவருடைய கதை அத்துடன் முடியவில்லை. 1950களின் நடுப்பகுதியில் அவர் சென்னைக்கு வந்து தங்கிவிட்டார். இராஜாஜியைச் சந்தித்து உரையாடியதை நூலாக எழுதினார். பால்விதவையாய்த் தொடங்கி, விதவையரின் கல்விக்கே வாழ்வை ஈந்த சகோதரி சுப்பலட்சுமியின் வரலாற்றையும் எழுதினார். 1970இல் சென்னையிலேயே காலமானார். ஸ்டீவனேஜின் பழைய குடிகளுள் எத்தனை பேர் இதனை அறிந்திருப்பர்?

புதிதாய் வந்தேறிய இலண்டன்வாசிகளின் வாழ்வும் தொடக்கத்தில் இனிதாயிருந்ததென்று சொல்வதற்கில்லை. தெருக்கள் சேறாய்க் கிடந்தன. கடைகள் தொலைவில் இருந்தன. புதிய நகரிலே தொழில் பெற்றவருக்கே வீடு என்பது பொதுவான விதி. ஆகவே தொழிற்சாலை வேலைக்குக் கணவன் போனபின், தாயும் தமக்கையும் இலண்டனிலே தங்கிவிட, அறிமுகமற்ற தெருவிலே கைக்குழந்தையுடன் தனித்திருந்த இளம்பெண்கள் பலர். எனினும் வீட்டினுள்ளே குளியலறை இருந்தது. பின்புறத்தில் ஒரு சிறு தோட்டம் இருந்தது. இலண்டனில் மாடிப்படியின் கீழே பொதுக் குழாயில் நீர் பிடித்தவளுக்கு அதன் அருமை தெரியும். மண்டபத்தில் இல்லாத கட்சியார் என்று முன்னர் சொன்னோமே, அவர்கள் இப்போது ஊரவராயினர்.

ஊரவரானதும் அவர்களும் குரலெழுப்பத் தொடங்கினர். நகரின் நடுவில் அமையும் கடைத்தொகுதியில் மோட்டார் வண்டி புகாது, மக்கள் நடந்தே திரியும்படி அமைக்கவேண்டும் என்பது தொடக்க காலத் திட்டங்களில் இருந்த கருத்து. வண்டி வந்து நில்லாத கடையில் வியாபாரம் நடவாது என்று அஞ்சி, பின்னர் அதனைக் கைவிட முனைந்தனர். 1954இல் மக்கள் கூட்டங்கூடி, நடந்து செல்லும் கடைவீதியே வேண்டும் என்று பெரும்பான்மையாய் முடிவு செய்தனர். இம்முறை அவர்கள் சொல் ஏறியது. 1959ஆம் ஆண்டு ஏப்பிரலில் எலிசபெத் அரசியார் அக்கடைத்தொகுதியைத் திறந்து வைத்தார். முற்றிலும் நடந்து செல்வோருக்கென்றே பிரித்தானியாவில் கட்டப்பட்ட முதல் நகர மையம் அது. வெளிநாடுகளிலிருந்தும் பொறியியலாளர் வந்து பார்த்தனர். பிள்ளைகள் பெருந்தெருவைக் கடவாமலே பாடசாலை செல்லத்தக்க துவிச்சக்கரவண்டிப் பாதைகளும் அந்நகரின் பெருமை. அமைச்சரும் நிபுணரும் தனித்து யோசித்தபோது தயங்கிய இடத்தில், சந்தைப் பையும் பிள்ளைவண்டியும் தள்ளிச் செல்லும் பெண்களுக்கு எது வேண்டும் என்பது தெளிவாகத் தெரிந்திருந்தது.

பழைய ஊர் அழிந்துவிடவில்லை. அதன் பெருந்தெரு, பழைய விடுதிகளும் ஓட்டுக்கூரைகளுமாய் இன்றும் நிற்கின்றது. ‘பழைய பட்டினம்’ என்று அதனை அழைக்கின்றனர். ஷெப்பல் போன்ற அயற் சிற்றூர்கள் புதிய நகரின் வீதிகளுட் கரைந்துபோயின. கூட்டுத்தாபனம் 1980இல் கலைக்கப்பட்டது. 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அந்நகரின் குடித்தொகை ஏறக்குறைய 89,500. சில்கின் சொன்ன 60,000ஐ அது எப்போதோ கடந்துவிட்டது.

போர்ஸ்டர் ஓடித்திரிந்த வயல்களில் ஒரு பகுதி மாத்திரம், நகரின் வடக்கெல்லையில், பழைய தேவாலயத்துக்கப்பால் வீடுகளின்றி நெடுங்காலம் எஞ்சியிருந்தது. ‘போர்ஸ்டர் நாடு’ என்பது அதன் வழக்குப் பெயர். அதனைக் காப்பதற்கென்று 1989இல் ஒரு நண்பர் சங்கம் தோன்றியது. 2019இல் ஸ்டீவனேஜ் நகரசபை ஏற்றுக்கொண்ட திட்டத்தில், அந்நிலப்பரப்பிலே 800 வீடுகள் கட்டுவதற்கு இடம் ஒதுக்கப்பட்டது. கட்சியும் சில்கினின் தொழிற்கட்சியே. மீண்டும் ஆட்சேபங்கள் குவிந்தன. வயல் போகும், அமைதி போகும், ஓர் இலக்கியத்தின் பிறப்பிடம் போகும் என்றனர் எதிர்ப்போர். இளங்குடும்பங்கள் வீடின்றிக் காத்திருக்கின்றன, வேறெங்கே கட்டுவது என்றனர் திட்டமிடுவோர். இரு சாராரின் சொற்களையும் எடுத்து 1946ஆம் ஆண்டின் தாள்களில் வைத்தால், எந்த ஆண்டின் பேச்சு எதுவெனப் பிரித்தறிதல் எளிதன்று.

ஒரேயொரு வேறுபாடு உண்டு. இம்முறை வயலைக் காக்க எழுந்த நகரத்தாருட் பெரும்பாலோர், சில்கின் கட்டிய நகரத்திற் பிறந்து வளர்ந்தோர் அல்லது அங்கு வந்து குடியேறியோர். எந்த வீடுகள் எழக்கூடாதென்று பழைய ஊரார் நீதிமன்றம் ஏறினரோ, அவ்வீடுகளின் பிள்ளைகள் அவர்கள். தங்கள் தெருவும் ஒருகாலத்தில் இப்படியொரு வயலாய் இருந்ததென்பதை அவர்கள் அறியாதவரல்லர். அறிந்தும், இது போதும், இனி வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்கு உரிமை இல்லையா? உண்டு என்றால், 1946இல் கூவியவர்களுக்கும் அவ்வுரிமை இருந்ததன்றோ? இவ்விரு வினாக்களுக்கும் ஒரே விடை சொல்வோர், அவ்விடையின்படி நடந்திருந்தால் தாங்கள் எங்கே பிறந்திருப்பர் என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டியுள்ளது.

வீடுகளுக்கு அனுமதி கிடைத்தது. எஞ்சிய நிலத்தில் ஒரு பகுதியைப் பொதுமக்கள் உலாவும் பூங்காவாக விடுவதென்பது அத்திட்டத்தின் ஓர் அங்கம். ரூக்ஸ் நெஸ்ட் வீடு, மிக உயர்ந்த வகுப்பிற் சேர்க்கப்பட்ட பாதுகாக்கப்படும் கட்டடமாய், தன் பழைய இடத்திலேயே நிற்கின்றது.